மழைச்சாரல் உள்ளே வரும் பால்கனி ஸ்லைடிங் கதவு: பிரஷ் மாற்றினால் போதுமா, டிராக்கையும் சரிசெய்ய வேண்டுமா?

கேள்வி

வணக்கம். சென்னை திருவான்மியூரில், கடற்கரைக்கு அருகே நான்காவது மாடியில் குடியிருக்கிறோம். பால்கனிக்குப் போகும் அலுமினிய ஸ்லைடிங் கதவு, வீடு கட்டியபோதே போட்டது. 14 ஆண்டுகள் ஆகின்றன. கண்ணாடி ஷட்டர் இரண்டு, கொசுவலை ஷட்டர் ஒன்று என மூன்று டிராக். கடையில் ஊல் பைல் என்று சொல்லும் அந்த பிரஷ் பட்டை, விரல் பட்டாலே பொடியாக உதிர்கிறது. வலப்பக்க ஷட்டர் பாதி வழியில் ஒரே இடத்தில் தடக்கென்று நின்று, பிறகு கரகரவென்று நகர்கிறது. ஐப்பசி மழையில் காற்றோடு சாரல் அடித்தால், கீழ் டிராக்கில் நீர் நிரம்பி ஹாலுக்குள் வழிகிறது. பார்க்க வந்த ஒருவர் கதவையே மாற்றச் சொல்கிறார். இன்னொருவர் வெளிப்பக்கம் முழுவதும் சிலிக்கான் அடித்தால் தீர்ந்துவிடும் என்கிறார். நாமே செய்துகொள்ளக்கூடிய வேலையா இது?

பதில் 1

எங்கள் வீட்டிலும் இதே தொல்லை இருந்தது. டிராக்கைத் துடைத்துச் சிறிது தேங்காய் எண்ணெய் விட்டதும் கதவு வழுக்கிக்கொண்டு ஓடியது. முதலில் அதைச் செய்து பாருங்கள்.

பதில் 2

அலுமினியக் கதவு, ஜன்னல் வேலையிலேயே இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: எண்ணெய் வேண்டாம். சில நாள் நன்றாக ஓடும். பிறகு மணலும் தூசியும் அதில் ஒட்டிக் கரிய களிம்பாகி, ஷட்டருக்கு அடியில் உருளும் சிறு சக்கரமான ரோலரை உப்புத்தாள் போலத் தேய்க்கத் தொடங்கும். டிராக்கைச் சுத்தம் செய்து, காய்ந்தபின் சிறிது சிலிக்கான் ஸ்பிரே அடித்தால் போதும்.

கதவை மாற்றத் தேவையிருக்காது என்றே நினைக்கிறேன். ரோலர் தேய்ந்தால் ஷட்டர் இறங்கும். இறங்கிய ஷட்டர் ஒரு பக்கமாகச் சாயும். சாய்ந்தால் ஒரு மூலையில் பிரஷ் நசுங்கும், எதிர்மூலையில் இடைவெளி விழும். எனவே ரோலரைக் கவனிக்காமல் புது பிரஷ் பதித்தால், அதுவும் விரைவிலேயே தேய்ந்துவிடும்.

நீர் வழிவது பெரும்பாலும் பிரஷின் குற்றமன்று. பிரஷ் காற்றையும் தூசியையும் தடுக்கும். சாரலைக் குறைக்குமே தவிர அடியோடு நிறுத்தாது. உள்ளே புகுந்த நீரை வெளியே அனுப்பத்தான் கீழ் டிராக்கின் வெளிச்சுவரில் வடிகால் துளைகள் வெட்டுகிறார்கள். ஒரு குவளை நீரை டிராக்கில் ஊற்றிப் பாருங்கள். அது வெளியே போகாமல் அப்படியே நின்றால், துளைகள் அடைபட்டிருக்கின்றன என்று பொருள். அவற்றையும் சேர்த்துச் சிலிக்கான் அடித்துவிட்டால், போக வழியற்ற நீர் ஹாலுக்குத்தான் வரும்.

ஷட்டரைக் கழற்ற இருவர் வேண்டும். கண்ணாடியின் எடை ஒரு சதுர மீட்டருக்கு, ஒவ்வொரு மில்லிமீட்டர் கனத்துக்கும் 2.5 கிலோ. 1 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம், 6 மி.மீ. கனம் என்றால் கண்ணாடி மட்டுமே 30 கிலோ. ஷட்டரின் கீழ் ஓரத்தில் துளை இருந்தால், அதற்குள் உள்ள திருகைத் திருப்பி ரோலரை மேலே ஏற்றிக்கொள்ளுங்கள். உள்டிராக்கில் ஓடும் ஷட்டரை முதலில் மேலே தூக்கி, அடிப்பக்கத்தை வீட்டுக்குள் இழுத்தால் வந்துவிடும். ரோலரில் பல அளவுகள் உண்டு என்பதால் பழையதையே கடைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

பிரஷ் வாங்கும்போது இரண்டு அளவுகள் முக்கியம்: காடிக்குள் நுழையும் அடிப்பட்டையின் அகலம், மயிரின் உயரம். பலரும் அகலத்தை மட்டும் சொல்லி வாங்கி வருகிறார்கள். நசுங்கிய பகுதியில் உயரத்தை அளக்காதீர்கள். மேல் முனையில் தேயாத ஒரு விரற்கடைத் துண்டு பெரும்பாலும் மிஞ்சியிருக்கும், அதை அளங்கள். உயரம் மிகுந்தால் கதவு இறுகும், குறைந்தால் விசில் சத்தம் கேட்கும். நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் தகடு வைத்த வகை கிடைத்தால் அதையே வாங்குங்கள். சாரலுக்கு அது நல்லது. பதிக்கும்போது இழுத்துப் பிடிக்காமல் தள்ளிக்கொண்டே நுழைத்து, முனையில் சிறிது கூடுதலாக விட்டு வெட்டவும்.

கேட்டவர்

மிக்க நன்றி. நேற்று என் தம்பியின் உதவியுடன் ஷட்டரைக் கழற்றினேன். மூன்று வடிகால் துளைகளில் ஒன்றைக் குளவி மண்கூடு கட்டி அடைத்திருந்தது. மற்ற இரண்டின் மேல் முன்பு யாரோ பூசிய சிலிக்கான். குத்தூசியால் குடைந்ததும் நீர் உடனே வடிந்தது. ரோலர் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்துவிட்டது, அதன் இரும்பு அச்சும் துருப்பிடித்திருக்கிறது. ஆனால் டிராக்கில் ரோலர் ஓடும் தண்டவாளத்தில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு நெளிவு இருக்கிறது. கதவு தடக்கென்று நின்றது அங்கேதான். டிராக்கை மாற்றவேண்டுமென்றால் சுவரை உடைக்க வேண்டியிருக்குமா?

பதில் 3

உடைக்க வேண்டாம். தண்டவாளத்தின் ஒரு பக்கம் மரக்கட்டையை அண்டைகொடுத்து, மறுபக்கம் இன்னொரு கட்டையை வைத்து மெல்லத் தட்டுங்கள். சுத்தியல் நேராகப் படக்கூடாது. அலுமினியத்தைத் திரும்பத் திரும்ப வளைத்தால் விரிசல் விழும். ஓரளவு நேரானதும், நுண்மணி உப்புத்தாளால் பிசிறை நீக்கி, அதன்மேல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டிராக் கவரைக் கவிழ்த்து அழுத்தினால், ரோலர் புதுத் தண்டவாளத்தில் ஓடுவதுபோல ஓடும். கவர் வடிகால் துளையை மறைக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கவரின் கனத்தால் ஷட்டர் சிறிது உயரும் என்பதால், கவரைப் போட்ட பிறகே ரோலர் திருகைச் சரிசெய்யுங்கள். கதவை இரண்டு விரல் அகலம் திறந்துவைத்தால், ஷட்டருக்கும் பக்கச் சட்டத்துக்கும் இடையே மேலும் கீழும் ஒரே அளவு வெளிச்சம் தெரிய வேண்டும்.

கடலோரம் என்பதால் திருகுகளையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலேயே போடுங்கள், முடிந்தால் உப்புக்காற்றை நன்றாகத் தாங்கும் 316 ரகம். சட்டத்துக்கும் சுவருக்கும் இடையில் சிலிக்கான் தேவைப்பட்டால் வினிகர் வாடை அடிக்காத நியூட்ரல் வகையைக் கேட்டு வாங்குங்கள்; மற்றது உலோகத்தை அரிக்கும். தூக்குதடுப்புக் கட்டை ஏதேனும் மேல் டிராக்கில் இருந்து நீங்கள் கழற்றியிருந்தால், மறக்காமல் திரும்பப் பொருத்திவிடுங்கள். அது இல்லையென்றால் ஷட்டரை வெளியிலிருந்தும் தூக்கிக் கழற்றிவிட முடியும்.