முறுக்கானில் சுண்ணாம்பு: அரிக்கோலின் போகுமா, ஏறுமா?

கணவாய்க்காத்து: "மனச்சிதைவுக்கு 2024 செப்டம்பர்ல அமெரிக்கா அனுமதிச்ச சானோமெலின் பாக்குல இருந்து வந்தது. அதனால முறுக்கான் (வெத்தலை, பாக்கு, சுண்ணாம்பு) மூளைக்கு நல்லது." வாளையாருக்கு இந்தப்பக்கம் வாட்சப்ல சுத்துற இந்த உளறலுக்கு அடைக்காமணி ஆமாம் போடறாரு. பாக்குல இருக்கற அரிக்கோலின்ங்கற ஆல்கலாய்டு வெறும் அச்சுங்க. அதுல இருக்கற எஸ்டர்ங்கற தொகுதியைத் தூக்கிட்டு தையாடயசோல் வளையத்தைப் பூட்டினாத்தான் சானோமெலின். எஸ்டரோட இருந்தா உடம்பே சில நிமிஷத்துல அறுத்துடும். சுண்ணாம்பு பட்டா வாயிலேயே அறுபட ஆரம்பிச்சு அரிக்காயிடின்ங்கற அமிலம் ஆயிடும்.

அடைக்காமணி: ஏனுங்க, சுண்ணாம்பு அழிக்கும்னா கிறுகிறுப்பு எங்கிருந்து வருது? காரம் ஏறினா ஒட்டியிருக்கற புரோட்டான் கழண்டு, மின்னேற்றம் போயி, அரிக்கோலின் கன்னத்து வழியா சுருக்கா உள்ள போகும்.

கணவாய்க்காத்து: அரிக்கோலினோட பிகேஏ, அதாவது பாதிக்குப் பாதி புரோட்டான் கழண்டு நிக்கற பிஎச், 7-க்குக் கொஞ்சம் கீழ. எச்சில் பிஎச்சும் அங்கதான். கிட்டத்தட்ட பாதி ஏற்கெனவே கழண்டுதான் கிடக்கு. சுண்ணாம்பு வேற வேலை பார்க்குது: எஸ்டரை அறுக்குது.

அடைக்காமணி: முறுக்கான் போட்டவங்க எச்சில்லயே அரிக்கோலினை அளந்திருக்காங்க. அறுபட்டது எப்படி வந்துச்சு?

கணவாய்க்காத்து: "முழுசா"ன்னு நான் எங்க சொன்னேன்? போன வெத்தலைச் சண்டையிலயும் இப்படித்தான், சொல்லாததுக்குப் பதில்.

கொழிஞ்சாம்பாறை3: எந்தப் பாக்குன்னு ரெண்டு பேருமே சொல்லலியே. பச்சைக்காயைச் சீவி வேகவெச்சா ஆல்கலாய்டுல ஒரு பங்கு தண்ணியோட போயிடும்.

அடைக்காமணி: களின்னா என்னன்னு தெரியுமா சேட்டா? அந்தத் தண்ணியைச் சுண்டக் காய்ச்சித் திரும்பப் பாக்கு மேலயே பூசறதுதான் களி. போனது திரும்பி வந்துடும்.

கொழிஞ்சாம்பாறை3: பூசறது மினுமினுப்புக்கு. எல்லாமே திரும்பி வருமாக்கும்!

கணவாய்க்காத்து: பேச்சை மாத்தாதீங்க. சானோமெலினைத் தனியாக் கொடுத்தா குமட்டல், வாந்தி, பேதி. குடல்ல இருக்கற மஸ்கரினிக் ஏற்பியையும் அது தட்டிவிடுது. அதனாலதான் அந்த ஏற்பியை அடைக்கற, ஆனா மூளைக்குள்ள நுழையாத ட்ரோஸ்பியம்ங்கற மருந்தைக் கூட வெச்சாங்க: தொடக்கத்துல 50 மி.கி.யோட 20 மி.கி., நாளைக்கு ரெண்டு வேளை, சாப்பாட்டுக்கு 1 மணி நேரம் முன்னாடி, இல்லன்னா 2 மணி நேரம் கழிச்சு. உங்க வெத்தலைப்பெட்டியில ட்ரோஸ்பியம் எந்த அறையில இருக்குங்க? புகையிலை சேர்க்காத பாக்கையே 2004-ல புற்றுநோய்க் காரணிப் பட்டியல்ல முதல் வகுப்புல வெச்சாச்சு. கன்னத்துக்கு உள்ள கொலாஜன் தடிச்சு நாராகி, மூணு விரல் நுழையாத வாயை எந்த மருந்துப் பெட்டியில எழுதறது?

அடைக்காமணி: புற்றுநோயை நான் இல்லைன்னேனா? எச்சில்ல வந்தது எங்கிருந்து? அதுக்கு மட்டும் சொல்லுங்க.

கணவாய்க்காத்து: அறுபடாத மிச்சத்துல இருந்து! சுண்ணாம்பு அறுக்கும், அறுக்கும், அறுக்கும்.

அடைக்காமணி: ஏத்தும்.

கொழிஞ்சாம்பாறை3: களிப்பாக்கா, கொட்டைப்பாக்கா? இன்னும் சொல்லல.