எட்டு வழிச் சாலை வாசலுக்கு வந்தபோது: எதிர்த்து நின்றவர்களின் அனுபவங்கள்

ஊருக்கு நடுவே போகும் நெடுஞ்சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள் என்று எங்களிடம் யாரும் வந்து சொல்லவில்லை. சுற்றுச்சுவரில் சிவப்புப் பெயின்ட்டில் ஓர் அம்புக்குறி, பக்கத்தில் ஓர் எண். அவ்வளவுதான். பக்கத்து வீட்டில் அதே குறி வாசற்படியில் இருந்தது. அதற்கடுத்த வீட்டில் படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே. அளவெடுத்துக்கொண்டிருந்தவர்களிடம் விசாரித்த பிறகுதான் விவரம் தெரிந்தது: இப்போது நான்கு வழி, இனி எட்டு வழி, இரண்டு பக்கமும் சர்வீஸ் ரோடு தனி.

இதே சிக்கலில் மாட்டியிருப்பவர்கள், மாட்டி வெளியே வந்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். அதனால் எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். நீங்களும் எழுதுங்கள்.

முதல் கூட்டத்தில் எல்லாரும் கோபமாகப் பேசினோம். வீடு போகிறது, கடை போகிறது, கோயில் சுவர் போகிறது. அதிகாரிகள் பொறுமையாகக் கேட்டார்கள், குறித்துக்கொண்டார்கள். அப்புறம் இழப்பீடு பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். யாருக்கு எவ்வளவு, பட்டா யார் பெயரில், கட்டடத்தின் வயது என்ன. ஒரு மணி நேரத்தில் கூட்டமே வேறு கூட்டமாகிவிட்டது. சாலை வருமா வராதா என்பதே பேச்சில் இல்லை. வரும் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டது போலவும், விலை மட்டும்தான் பாக்கி என்பது போலவும் ஆகிவிட்டது. இதைத்தான் முதலில் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இழப்பீடு முக்கியம்தான், ஆனால் அந்தப் பேச்சுக்குள் நுழைந்த நிமிடமே திட்டத்தை ஏற்றுக்கொண்டதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

எங்களைத் திருப்பியது எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் அக்கா. அடுத்த கூட்டத்தில் அவர் ஒரே கேள்விதான் கேட்டார்: “ஏன் எட்டு? ஏன் ஆறு இல்லை, ஏன் நான்கே போதாது?” போக்குவரத்து ஆய்வைப் பாருங்கள் என்றார்கள். சரி, கொடுங்கள் என்றோம். எழுத்தில் கேட்டு, திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கினோம்.

தடிமனான அறிக்கை. பெரும்பகுதி மண் பரிசோதனையும் பால வரைபடங்களும். டீச்சர் அக்கா பென்சிலோடு உட்கார்ந்து, எல்லாம் எங்கிருந்து கிளம்புகிறது என்று தேடிக் கண்டுபிடித்தார். வாகனங்கள் ஆண்டுக்கு எத்தனை சதவீதம் கூடும் என்ற ஒரே ஓர் எண். அது 5 என்றால் 14 ஆண்டில் போக்குவரத்து இரட்டிப்பாகிவிடும். 3 என்றால் இரட்டிப்பாக 23 ஆண்டுக்கு மேல் ஆகும். எட்டு வழியா, நான்கே போதுமா என்பதை அந்த ஓர் எண்ணே தீர்மானிக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்று அறிக்கையில் ஒரு வரி விளக்கம்கூட இல்லை.

நடந்து போகிறவர்களைப் பற்றியும் அதில் எதுவும் இல்லை. கார், லாரி, பஸ், இருசக்கர வாகனம் எல்லாவற்றுக்கும் அட்டவணை உண்டு. சாலையைக் குறுக்கே கடக்கிற மனிதர்களுக்கு ஒரு கட்டம்கூட இல்லை. அதனால் நாங்களே எண்ணினோம். பஸ் நிறுத்தத்திலும் பள்ளிக்கூட முனையிலும் விடியலிலிருந்து இருட்டும்வரை ஆள் மாற்றி ஆள் நின்று, நோட்டில் கோடு போட்டு எண்ணினோம். பிள்ளைகளுக்கு ஒரு பத்தி, வயதானவர்களுக்கு ஒரு பத்தி, சுமையோடு போகிறவர்களுக்கு ஒரு பத்தி.

கருத்துக் கேட்புக் கூட்டத்தில் வண்ண வரைபடங்கள் மாட்டியிருந்தார்கள். சாலையோரம் நெடுகப் பச்சை வட்டங்கள். மரங்களை விட்டுவைக்கிறார்களே என்று எங்களில் சிலர் நிம்மதியடைந்தார்கள். உற்றுப் பார்த்தால் ஓரத்தில் சிறிய எழுத்தில் ‘நடப்பட உள்ளவை’ என்று இருந்தது. இப்போது நிற்கிற புளிய மரங்கள் எல்லாம் வெள்ளைப் பட்டையும் எண்ணும் பூசி வெட்டுவதற்குக் காத்திருந்தன.

அந்தக் கூட்டத்தில் நாங்கள் வீட்டைப் பற்றிப் பேசவில்லை. வளர்ச்சி விகிதத்துக்கு ஆதாரம் கேட்டோம். எங்கள் எண்ணிக்கையைக் கொடுத்தோம். சந்திப்புகளைச் சீர்செய்து பஸ்ஸுக்குத் தனித் தடம் விட்டால் என்ன ஆகும் என்று ஏன் பார்க்கவில்லை என்று கேட்டோம். பதில் இல்லாததால் மறு ஆய்வுக்கு ஒத்துக்கொண்டார்கள். ஊருக்குள் வரும் பகுதியில் சர்வீஸ் ரோட்டைக் கைவிடுவதாக இப்போது சொல்கிறார்கள். அதனாலேயே பல வீடுகள் தப்பும். இன்னும் முடியவில்லை.

—

வாடகைக் கடை நடத்துபவர்:

நீங்கள் சொன்ன இழப்பீட்டுப் பேச்சில் என்னைப் போன்றவர்கள் எங்கேயுமே வரமாட்டோம். கட்டடம் முதலாளியுடையது, பணம் அவருக்கு. என் கடைக்கு அந்த முனையில் இருப்பதுதான் முதலே. இருநூறு அடி தள்ளிப் போனாலும் வாடிக்கையாளர் வரமாட்டார். இதை எந்தப் படிவத்தில் எழுதுவது?

எங்கள் ஊரில் சொந்தக்காரர்கள் ஒரு குழு, வாடகைக்காரர்கள் ஒரு குழு என்று பிரிந்தோம். தொகை அறிவித்தவுடன் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் எதிர்ப்பிலிருந்து விலகினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், பெண் கல்யாணம், கடன் என்று ஆளுக்கொரு நெருக்கடி. ஆனால் அதோடு எதிர்ப்பு உடைந்துபோனது. சாலை போட்டுவிட்டார்கள். நடுவில் தடுப்புச் சுவர் வந்ததும் எதிர்ப்பக்க ஆட்கள் இந்தப் பக்கக் கடைக்கு வருவது அடியோடு நின்றது. இடிக்கப்படாத கடைகளும் மெல்ல மெல்ல மூடின. அவற்றுக்கு ஒரு பைசா இழப்பீடு கிடையாது, ஏனென்றால் அவர்களிடமிருந்து நிலம் எதுவும் எடுக்கப்படவில்லை. உங்கள் குழுவில் வாடகைக்காரர்களை முதல் நாளிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசிவரை நிற்கப் போவது அவர்கள்தான்.

—

போக்குவரத்துக் கணிப்பு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர்:

டீச்சர் அக்கா சரியான இடத்தைப் பிடித்திருக்கிறார். இன்னும் ஓரிடம் இருக்கிறது, அதையும் கேட்கச் சொல்லுங்கள். இப்படிப்பட்ட அறிக்கைகளில் இரண்டு நிலைமைகளை ஒப்பிடுவோம்: அகலப்படுத்தினால், அகலப்படுத்தாவிட்டால். பெரும்பாலும் இரண்டிலும் அதே எண்ணிக்கை வாகனங்களைத்தான் போடுவார்கள். அகலப்படுத்தாத சாலையில் அவ்வளவு வண்டியும் அடங்காது. ஆனால் கணினி அடைத்துக் காட்டிவிடும், வேகம் ஆமையாகிவிடும். புதிய சாலையால் மிச்சமாகும் நேரம் என்று அறிக்கை சொல்லும் பெரிய தொகை இந்த வித்தியாசத்திலிருந்து வருவதுதான். நிஜத்தில் அந்த நெரிசலுக்குள் மக்கள் வந்து நிற்க மாட்டார்கள். நேரத்தை மாற்றுவார்கள், ரயிலில் போவார்கள், அந்தப் பயணத்தையே விட்டுவிடுவார்கள்.

சாலையை அகலப்படுத்தினால் இதெல்லாம் தலைகீழாகும். சீக்கிரம் கிளம்பியவர்கள் பழைய நேரத்துக்குத் திரும்புவார்கள், வேறு வழியில் போனவர்கள் இங்கே வருவார்கள், பஸ்ஸில் போனவர்கள் வண்டி எடுப்பார்கள். அமெரிக்கப் பொருளாதார அறிஞர் அந்தோனி டவுன்ஸ் இதை 1962 இலேயே எழுதிவிட்டார். பிரிட்டனில் அரசு அமைத்த ஆலோசனைக் குழுவே 1994 இல் புதிய சாலைகள் புதிய போக்குவரத்தை உண்டாக்குகின்றன என்று ஒப்புக்கொண்டது. அமெரிக்க நகரங்களை ஆராய்ந்த துராண்டன், டர்னர் இருவரும் 2011 இல் காட்டியது இன்னும் கறாரானது: நெடுஞ்சாலைத் தடத்தின் நீளம் எந்த விகிதத்தில் கூடுகிறதோ, ஏறக்குறைய அதே விகிதத்தில் வாகனங்கள் ஓடும் தூரமும் கூடுகிறது.

அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரின் கேட்டி ஃப்ரீவே என்ற நெடுஞ்சாலையை உதாரணமாகக் காட்டுங்கள். 2008 இல் விரிவாக்கம் முடிந்தது, செலவு ஏறத்தாழ 280 கோடி டாலர். பக்கச் சாலைகளையும் சேர்த்தால் சில இடங்களில் 26 தடம். 2011 முதல் 2014 வரைக்குள் நெரிசல் வேளையில் பயணத்துக்கு ஆகும் நேரம் காலையில் 30 சதவீதமும் மாலையில் 55 சதவீதமும் கூடியது. இருபத்தாறு தடத்தில் தீராதது எட்டில் தீரும் என்பதை அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும்.

—

தினமும் அந்த மாதிரிச் சாலையில் போகிறவர்:

மன்னிக்கவும், நான் சாலை வேண்டும் என்கிற பக்கம். வேலைக்குப் போக தினமும் இரண்டரை மணி நேரம் சாலையில் போகிறது. நகரத்துக்குள் வாடகை கொடுக்க முடியாததால்தான் தள்ளி வீடு எடுத்தேன். என் அப்பாவை ஏற்றிக்கொண்டு போன ஆம்புலன்ஸ் நெரிசலில் நகராமல் நின்றதை நான் உள்ளே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். சாலையோரம் வீடு வைத்திருப்பவர்களின் இழப்பு தெரிகிறது, எங்கள் இழப்பு யார் கண்ணிலும் படுவதில்லை. வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள், பதிலுக்கு என்ன என்று சொல்லுங்கள்.

—

அகலப்படுத்திய சாலையோரம் இப்போது குடியிருப்பவர்:

தம்பி, நீங்கள் சொல்வது நியாயம். உங்களுக்குப் பதில் சொல்லாமல் எதிர்ப்பவர்கள் ஜெயிக்கக் கூடாது என்றே நினைக்கிறேன். ஆனால் இங்கே அகலப்படுத்தி முடித்த பிறகு என்ன ஆனது என்று கேளுங்கள். நெரிசல் எங்கள் இடத்திலிருந்து அடுத்த சந்திப்புக்கு நகர்ந்தது. எட்டுத் தடத்தில் வேகமாக வருகிற வண்டிகள் பழைய நான்கு தடப் பாலத்துக்கு முன்னால் குவிந்து நிற்கின்றன. ஆம்புலன்ஸ் இப்போது அங்கே நிற்கிறது. ஆம்புலன்ஸும் பஸ்ஸும் மட்டும் போக ஒரு தடத்தை ஒதுக்கியிருந்தால் ஒரு வீட்டையும் இடிக்காமல் உங்கள் அப்பாவுக்கு வழி கிடைத்திருக்கும்.

சத்தத்தைப் பற்றியும் யாரும் எங்களிடம் சொல்லவில்லை. வாகன எண்ணிக்கை இரட்டிப்பானாலும் 3 டெசிபல்தான் கூடும் என்று அறிக்கையில் இருந்தது, அது உண்மைதான். ஆனால் சாலை ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது, இரவில் வேகமும் கூடிவிட்டது. இரவுச் சாலைச் சத்தம் 45 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய வழிகாட்டி 2018 இல் சொன்னது. எங்கள் வீட்டில் ஜன்னலைச் சாத்தினால்தான் டிவி கேட்கும். வாகனப் புகை அதிகம் தாக்குவது பெரிய சாலையிலிருந்து 300 முதல் 500 மீட்டர் வரை என்கிறார்கள். பள்ளிக்கூடம் அதற்குள்தான் இருக்கிறது.

அப்புறம் நடைமேம்பாலம். கடப்பதற்கு வசதி செய்திருக்கிறோம் என்று அதைத்தான் காட்டுவார்கள். மூட்டு வலியோடு என் அம்மா கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து ஏறுவார். பாதியில் நின்று மூச்சு வாங்குவார். கொஞ்ச நாளில் எதிர்ப்பக்கம் போவதையே விட்டுவிட்டார். அவருடைய தங்கை வீடு அந்தப் பக்கம்தான்.

—

பழைய போராட்டங்களைப் படித்து வருபவர்:

பதிலுக்கு என்ன என்ற கேள்விக்கு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஒரு பதில் இருக்கிறது. அங்கே ஆளுநர் பிரான்சிஸ் சார்ஜன்ட் 1970 இல் நகருக்குள் வரவிருந்த விரைவுச் சாலைகளை நிறுத்தி வைத்தார். ஒரு பாதைக்கு வீடுகளை ஏற்கெனவே இடித்து நிலத்தைக் காலி செய்திருந்தார்கள். 1973 இல் சட்டம் மாறி, சாலைப் பணத்தைப் பொதுப் போக்குவரத்துக்குத் திருப்ப வழி வந்தது. 1987 இல் அதே நிலத்தில் ரயில் வந்தது, அதையொட்டி நீளப் பூங்காவும் அமைந்தது. அந்தப் பணத்தை வேறு எதற்கும் செலவழிக்க முடியாது என்று உங்களிடம் யாராவது சொன்னால் இதை ஞாபகப்படுத்துங்கள்.

நிறுத்துவது வேறு, காப்பாற்றுவது வேறு. அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் ஓவர்டன் பூங்கா வழியாகப் போகவிருந்த சாலையை எதிர்த்து மக்கள் உச்ச நீதிமன்றம்வரை போனார்கள். 1971 இல் தீர்ப்பு சாதகமாக வந்தது, பூங்காவுக்குள் சாலை கடைசிவரை வரவில்லை. ஆனால் பூங்காவுக்கு வெளியே அந்தப் பாதையில் இருந்த வீடுகள் அதற்குள் இடிக்கப்பட்டிருந்தன. ஹூஸ்டனில் ஐ-45 என்ற நெடுஞ்சாலையின் விரிவாக்கத்தால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் போகும் என்று 2021 இல் மாவட்ட நிர்வாகமே வழக்குப் போட்டது, மத்திய அரசும் வேலையை நிறுத்தச் சொன்னது. 2023 இல் சில நிபந்தனைகளோடு உடன்பாடு, வேலை மறுபடி தொடங்கியது. அதனால் தடை கிடைத்தவுடன் குழுவைக் கலைத்துவிடாதீர்கள்.

—

ஆட்சேப மனுக்கள் எழுதிக் கொடுப்பவர்:

இந்தியாவில் இருப்பவர்களுக்கு மட்டும். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1956 ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தின் 3ஏ பிரிவில், நிலத்தை எடுக்கப் போவதாகச் சொல்லும் அறிவிப்பு வந்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும். அறிவிப்பின் சாரத்தை இரண்டு உள்ளூர்ச் செய்தித்தாள்களில் போடுவார்கள், அதில் ஒன்று உள்ளூர் மொழியில் இருக்கும். வீட்டுக்குக் கடிதம் வரும் என்று காத்திருந்து கெடுவைத் தவறவிட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒருவர் தினமும் பேப்பர் பார்க்கிற பொறுப்பை எடுத்துக்கொள்ளட்டும்.

சுற்றுச்சூழல் அனுமதிக்கான மக்கள் கருத்துக் கேட்பு எல்லா விரிவாக்கத்துக்கும் வராது. 2013 இல் செய்த திருத்தத்தின்படி 100 கிலோமீட்டருக்குக் குறைவான தேசிய நெடுஞ்சாலை விரிவாக்கத்துக்கு அந்த அனுமதியே தேவையில்லை. ஊருக்குள் வரும் துண்டு அநேகமாக அதில் சிக்காது. எனவே 21 நாள் ஆட்சேபம்தான் உங்கள் முக்கியமான கதவு.

கடைக்கார நண்பருக்கு: 2013 நில எடுப்புச் சட்டத்தில் பாதிக்கப்பட்ட குடும்பம் என்பதற்குள், சொந்த நிலம் இல்லாமல் மூன்று ஆண்டுகளாக அங்கே பிழைப்பு நடத்தி அதை இழக்கிற வாடகைதாரரும் வருவார். வாடகை ரசீது, மின் கட்டண ரசீது, வணிக உரிமம் எல்லாவற்றையும் இப்போதே நகலெடுத்து வையுங்கள்.

மனு ஆளுக்கொன்றாக இருக்கட்டும், ஒரே கடிதத்தில் எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டாம். சர்வே எண், எடுக்கப்படும் பரப்பு, ஏன் ஆட்சேபிக்கிறோம் என்பது, நேரில் விசாரிக்க வேண்டும் என்ற கோரிக்கை, இந்த நான்கும் ஒவ்வொரு மனுவிலும் இருக்க வேண்டும். நேரில் கொடுத்து, தேதியோடு முத்திரை போட்ட நகலை வாங்காமல் அலுவலகத்தை விட்டு வெளியே வராதீர்கள்.