எலி நஞ்சின் பெட்டியில் ‘கிஃப்ட்’: ஒரே சொல்லா, வேறு சொல்லா?

கேள்வி:
வணக்கம். ஆறு மாதமாக ஜெர்மன் படித்து வருகிறேன். நான் தங்கியிருக்கும் வீட்டின் நிலவறையில் எலி படம் போட்ட பெட்டி ஒன்றின்மேல் ‘ராட்டன்கிஃப்ட்’ என்று அச்சிட்டிருந்தது. அகராதியைப் புரட்டியபோது, ஆங்கிலத்தில் அன்பளிப்பைக் குறிக்கும் ‘கிஃப்ட்’ என்ற சொல், எழுத்துக்கு எழுத்து மாறாமல் ஜெர்மனில் நஞ்சைக் குறிப்பதை அறிந்தேன். இது தற்செயல் ஒற்றுமையா, அல்லது ஒரே சொல்தான் இப்படித் திரிந்துவிட்டதா? தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1:
ஒரே சொல்தான். இரண்டுமே ‘கொடு’ என்னும் வினையிலிருந்து பிறந்தவை. பழைய ஜெர்மனிலும் ‘கிஃப்ட்’ என்றால் கொடை என்றே பொருள். கிரேக்கத்தில் ‘டோசிஸ்’ என்றால் கொடுத்தல். மருத்துவர்கள் அதை ஒரு வேளைக்குக் கொடுக்கும் மருந்தின் அளவுக்கு வழங்கினார்கள், நாம் ‘டோஸ்’ என்று சொல்வதும் அதுவே. அந்தக் கிரேக்க வழக்கை ஒட்டி ஜெர்மன் சொல்லும் கொடுக்கப்படும் மருந்தைக் குறிக்கத் தொடங்கி, நஞ்சை வெளிப்படையாகச் சொல்லத் தயங்கியவர்கள் வாயில் இடக்கரடக்கலாகி, கடைசியில் நஞ்சுக்கே பெயராக நிலைத்துவிட்டது. பழைய பொருள் முற்றிலும் அழியவில்லை: மணப்பெண்ணுடன் கொடுத்தனுப்பும் சீதனத்துக்கு இன்றும் ‘மிட்கிஃப்ட்’ என்றுதான் பெயர். சுவீடிஷ் மொழியிலோ ‘கிஃப்ட்’ என்பது நஞ்சையும் குறிக்கும், திருமணமானவர் என்பதையும் குறிக்கும். பெண்ணைக் கொடுப்பது என்ற வழக்கிலிருந்து வந்தது அந்த இரண்டாவது பொருள்.

பதில் 2:
மேலே உள்ள விளக்கம் சரி. ஆனால் எல்லாச் சொற்களையும் அப்படி உறவாக்கிவிடக் கூடாது. ‘புர்ரோ’ இத்தாலியனில் வெண்ணெய், ஸ்பானியத்தில் கழுதை. வெண்ணெய்க்கான சொல் லத்தீன் ‘பூட்டீரும்’ வழியாக வந்தது. கழுதைக்கான சொல்லோ சிறு குதிரையைக் குறித்த ‘புர்ரிக்குஸ்’ என்பதிலிருந்து வந்தது. இது வெறும் தற்செயல். அதே இரு மொழிகளிலும் ‘கால்டோ’ அப்படியன்று: சூடு என்னும் பொருளுடைய ஒரே லத்தீன் சொல் இத்தாலியனில் சூடாகவே இருக்க, ஸ்பானியத்தில் சூடான சாறாகிவிட்டது. இத்தாலியக் குளியலறைக் குழாயில் ‘சி’ என்ற எழுத்தைக் கண்டு குளிர்நீர் என்று திறந்தால் கை சுட்டுவிடும். அது ‘கால்டோ’வின் முதலெழுத்து.

கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால் ஜெர்மனில் ‘விரைவில்’ என்று பொருள்படும் ‘பால்ட்’ என்ற சொல்லும், ஆங்கிலத்தில் வழுக்கையைக் குறிக்க அதே எழுத்துகளால் எழுதப்படும் சொல்லும் எந்த வகை?

பதில் 1:
தற்செயல்தான். ஜெர்மன் ‘பால்ட்’ முதலில் துணிவைக் குறித்தது; துணிந்தவன் தாமதிக்க மாட்டான் என்பதால் அது விரைவைக் குறிக்கலாயிற்று. அதன் உண்மையான உடன்பிறப்பு, துணிவுள்ளவரைக் குறிக்கும் ‘போல்ட்’ என்ற ஆங்கிலச் சொல். உருவம் சற்று மாறியிருப்பதால் அதை யாரும் கவனிப்பதில்லை.