புதுப்பிப்பு: என் ஆல்டர்நேட்டிவ், எலக்ட்ரானிக் சிடிகள்

எந்தெந்த சிடிகளை யார் கேட்டாலும் தர மாட்டேன் என்று முன்பு எழுதியிருந்தேன். அதில், ரேடியோஹெட் என்ற ஆங்கிலேய ராக் குழுவின் 'ஓகே கம்ப்யூட்டர்' (1997) ஆல்பத்தை விட 'கிட் ஏ' (2000) மேல் என்று சொன்னதற்குத்தான் நிறைய எதிர்ப்பு. சரி என்று இரண்டையும் திரும்பக் கேட்டேன். கருத்து மாறவில்லை.

முன்னதில் கிட்டார்கள் அழகுதான், ஆனால் அடுத்து என்ன வரும் என்று காதுக்குத் தெரிந்துவிடுகிறது. 'கிட் ஏ'யில் அந்தப் பிடிமானமே கிடையாது. 'இடியோடெக்' பாட்டைக் கேளுங்கள். இசையமைப்பாளர் பால் லான்ஸ்கி 1973-இல் கணினியில் உருவாக்கிய இசையிலிருந்து எடுத்த ஒரு சின்னத் துண்டு, கூடவே முரட்டுத் தாளம். இவற்றுக்கு நடுவே குழுவின் பாடகர் தாம் யார்க்கின் குரல் மூச்சு வாங்க ஓடுகிறது. அப்புறம், ஆரம்பகாலப் பதிப்பு வைத்திருப்பவர்கள் பெட்டிக்குள் இருக்கும் பிளாஸ்டிக் தட்டைக் கழற்றிப் பாருங்கள். அடியில் ஒரு குட்டிப் புத்தகம் ஒளிந்திருக்கும். ஸ்ட்ரீமிங்கில் இதெல்லாம் ஏது?

போர்டிஸ்ஹெட் குழுவின் 'டம்மி' (1994) நான் தர மாட்டாத சிடிகளின் பட்டியலில் அப்படியே இருக்கிறது. தாங்கள் வாசித்ததையே வினைல் இசைத்தட்டில் பதித்து, அதிலிருந்து மறுபடி சாம்பிள் (பாட்டில் சேர்க்க ஒரு துண்டு) எடுத்த ஆட்கள் அவர்கள். சிடியில் வினைலின் கரகரப்பைக் கேட்பது தனி சுகம்.

எலக்ட்ரானிக் இசைக் கலைஞர் ஏபெக்ஸ் ட்வினின் 'செலக்டட் ஆம்பியன்ட் வொர்க்ஸ் 85-92' இரைச்சலாக இருக்கிறது என்று ஒருவர் குறைபட்டிருந்தார். இருக்கட்டுமே! அதைத் துடைத்துப் பளபளப்பாக்கினால் நான் கேட்க மாட்டேன்.

மாசிவ் அட்டாக் குழுவின் 'மெஸ்ஸனைன்' (1998) பற்றி அடுத்த முறை. அதற்குத் தனியாகவே சண்டை போட வேண்டும்.