கீழுதட்டின் உள்ளே நீர்க்கட்டி: அறுத்தால் நாயனம் வாசிக்க முடியுமா?

காவேரிக்கரை நாயனம்:

வணக்கம். மயிலாடுதுறைப் பக்கம், நாகஸ்வரம் வாசிப்பவன், வயது 34. சித்திரைக் கடைசியில் கீழுதட்டின் உள்பக்கம், இடது ஓரமாக ஒரு கட்டி வந்தது. வலி கிடையாது. பட்டாணி அளவு, லேசான நீல நிறம், நாக்கால் அழுத்தினால் மெத்தென்று இருக்கும். ஒரு கல்யாணத்தில் கெட்டிமேளம் வாசித்துக்கொண்டிருக்கும்போதே உடைந்து, வழவழவென்று ஏதோ வாயில் வந்தது. விட்டது சனி என்று நினைத்தேன். கொஞ்ச நாளில் பழையபடி வந்து உட்கார்ந்துகொண்டது. அதிலிருந்து வருவதும் வற்றுவதுமாகவே இருக்கிறது.

சீவாளி, அதாவது வாயில் வைத்து ஊதுகிற நாணல் துண்டு, உதட்டின் நடுவில்தான் உட்காரும், கட்டி ஓரத்தில். ஆனாலும் மேல் ஷட்ஜத்துக்குப் போகும்போது உதட்டை இறுக்கினால் கட்டி பல்லுக்கு நடுவே மாட்டிக்கொள்கிறது. அந்தப் பக்கம் எனக்குத் தெற்றுப்பல் வேறு. பயந்துகொண்டே இறுக்குவதால் ஓரத்தில் காற்று கசிகிறது, கார்வை (ஒரே ஸ்வரத்தை நீட்டிப் பிடிப்பது) நிற்பதில்லை. தவில் வாசிக்கிற மாமா என்னைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்.

உள்ளூர்ப் பல் டாக்டர், சின்ன ஆபரேஷன்தான், அரை மணி நேர வேலை என்கிறார். எனக்கு அந்த அரை மணி நேரத்தைப் பற்றிக் கவலை இல்லை. உதடு மரத்துப்போனால் எங்கள் தொழில் போச்சு. அப்பா வேறு, வாயில் கத்தி பட்டால் நாதம் போய்விடும் என்று ஒரே பிடியாக நிற்கிறார். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எத்தனை நாள் வாசிக்காமல் இருக்க வேண்டும்?

உறையூர்க்காரி:

தம்பி, என் பெண்ணுக்கு இதே மாதிரி வந்தது. ஏழாவது படிக்கும்போது, பல்லுக்குக் கம்பி போட்ட புதிதில். முதலில் காட்டிய இடத்தில் ஊசியால் குத்தி நீரை எடுத்துவிட்டு, சரியாகிவிட்டது, போங்கள் என்றார்கள். ஒரு மாதம் தாங்கவில்லை, இன்னும் பெரிதாக வந்தது. அப்புறம் வாய் அறுவை சிகிச்சை செய்கிற டாக்டரிடம் போனோம். மரத்துப்போகிற ஊசி போட்டு, கட்டியோடு சுரப்பியையும் சேர்த்து எடுத்தார். அன்றைக்கு உதடு வீங்கிப் பார்க்கவே பாவமாக இருந்தது. ஆறிய தயிர்சாதமும் ஐஸ்கிரீமும்தான் சாப்பாடு, அதில் அவளுக்கு ஏக சந்தோஷம். தையல் போட்ட இடம் கொஞ்ச நாள் உணர்ச்சி இல்லாமல் இருக்கிறது என்றாள், பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை. இப்போது கல்லூரியில் படிக்கிறாள், திரும்ப வரவில்லை. எடுப்பதானால் சுரப்பியோடு எடுக்கிற ஆளிடம் போங்கள்.

நாட்டு மருந்து:

இதற்கெல்லாம் கத்தி எதற்கு? வெற்றிலைச் சுண்ணாம்பை ஒரு பொட்டு எடுத்துக் கட்டியின் மேல் வைத்தால் இரண்டே நாளில் வெந்து விழுந்துவிடும். எங்கள் பாட்டி காலத்து வைத்தியம்.

ஓய்வுபெற்ற சர்ஜன்:

வாய், தாடை அறுவை சிகிச்சையில் காலம் கழித்தவன் நான். முதல் வேலையாகச் சுண்ணாம்பு டப்பாவை மூடி வையுங்கள். வெந்து விழும் என்பது உண்மைதான், ஆனால் வேகப்போவது உங்கள் உதடு. அந்தப் புண் ஆறித் தழும்பு இறுகினால்தான் நிஜமாகவே வாசிப்புக்குக் கேடு.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இது மியூக்கோசீல், அதாவது உமிழ்நீர் தேங்கி உண்டாகிற கட்டி மாதிரி இருக்கிறது. நேரில் பார்க்காமல் அடித்துச் சொல்ல மாட்டேன். உதடு, கன்னம், அண்ணம் எங்கும் கடுகு போன்ற உமிழ்நீர்ச் சுரப்பிகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு மெல்லிய குழாய். பல் பட்டு அந்தக் குழாய் கிழிந்தால் உமிழ்நீர் வாய்க்கு வராமல் சதைக்குள்ளேயே கசிந்து தேங்கும். மேல் கோரைப்பல் வந்து படுகிற இடம் கீழுதட்டின் ஓரம் என்பதால் பெரும்பாலும் அங்கேதான் வரும். உடைந்தால் நீர் போகும், கிழிந்த குழாய் அப்படியே இருக்கும், சுரப்பி சுரந்துகொண்டே இருக்கும். அதனால்தான் உங்களுக்குத் திரும்பத் திரும்ப வருகிறது. உறையூர் அம்மா மகளுக்கு ஊசிக் குத்து பலிக்காததும் இதனால்தான்.

இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன். உதட்டை உள்ளிருந்து பார்த்தால் முதலில் மெல்லிய சவ்வு, அதற்கு அடியில் இந்தச் சுரப்பிகள், அதற்கும் அப்பால்தான் வாயைச் சுற்றி ஓடும் தசை. சீவாளியைப் பிடிப்பது அந்தத் தசை. நாங்கள் வேலை செய்வது சவ்வுக்கும் தசைக்கும் நடுவில். தசையை வெட்ட வேண்டிய தேவை இல்லை. தசையை ஆட்டுகிற நரம்பு காதுப் பக்கத்திலிருந்து முகத்தில் பரவி வருவது. கீழ்த்தாடையில் ஒரு துளை வழியாக வெளியே வந்து உதட்டுக்குள் மேல்நோக்கி விரிகிற நரம்பு வேறு, அது உணர்ச்சிக்கு மட்டும். அடிபடக்கூடியது அதன் நுனிக் கிளைகள்தான். பட்டால் ஒரு சின்ன வட்டம் மரத்திருக்கும், பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ திரும்பிவிடும். நிரந்தரமாக மரத்தே இருந்துவிடுவது அபூர்வம்தான், ஆனால் நடக்கவே நடக்காது என்று சொல்ல மாட்டேன். நரம்புக் கிளைகள் கீழிருந்து மேலே போவதால் கீறலையும் மேலும் கீழுமாகப் போடுவது என் வழக்கம். குறுக்கே போட்டால் கிளைகள் அறுபட வாய்ப்பு அதிகம்.

ஊதுகிற தொழில் என்பதைச் சர்ஜனிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். கட்டியை எடுத்ததும் கீறலின் விளிம்பில் பக்கத்துச் சுரப்பிகள் துருத்திக்கொண்டு நிற்கும். தையல் ஊசி அவற்றைக் குத்தினாலே இன்னொரு கட்டி கிளம்பலாம். அவற்றையும் எடுத்துவிட்டுத்தான் தைக்க வேண்டும். லேசரில் செய்தால் ரத்தம் குறைவு, ஆனால் சுரப்பியை விட்டுவைத்தால் லேசரிலும் திரும்ப வரும். எடுத்ததைக் கட்டாயம் பயாப்ஸிக்கு (சதைப் பரிசோதனைக்கு) அனுப்பச் சொல்லுங்கள். பிறகு அந்தத் தெற்றுப்பல். அதன் கூர்முனையையாவது தேய்த்துச் சரிசெய்யாவிட்டால் அடுத்த வருஷம் இதே கேள்வியை இங்கே எழுதுவீர்கள்.

வெற்றிலை போடுவீர்களா? கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. வந்து வந்து வற்றுகிற கட்டி எனக்குக் கவலை தருவதில்லை. வற்றாமல் கெட்டியாக இருப்பது, மூன்று வாரமாகியும் ஆறாத புண், தேய்த்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, இவையெல்லாம் வேறு கதை. மேலுதட்டில் வருகிற கட்டியையும் பெரியவர்களில் நான் சும்மா விடமாட்டேன், சுரப்பியில் முளைத்த வேறு கட்டியாக இருக்கலாம். கீழுதட்டில் புற்றுநோய் என்றால் உதட்டையே முழுக் கனத்தோடு ஆப்பு வடிவில் வெட்டி எடுக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கு வரை போனாலும் இழுத்துத் தைத்துவிடலாம், அதற்கு மேல் போனால் எதிர் உதட்டிலிருந்தோ கன்னத்திலிருந்தோ சதை கொண்டுவர வேண்டியிருக்கும். உங்களுடையது அந்த ஜாதி இல்லை என்றுதான் தோன்றுகிறது.

அப்பாவிடம் சொல்லுங்கள்: நாதம் தசையிலும் மூச்சிலும் இருக்கிறது, நாங்கள் அங்கே போகவே மாட்டோம்.

பேண்டு டிரம்பெட்:

போலீஸ் பேண்டில் டிரம்பெட் வாசித்து ஓய்வு பெற்றவன். டாக்டர் சொன்ன அந்தத் தசையே கிழிவதும் உண்டு. அமெரிக்க டிரம்பெட் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங்கின் பட்டப்பெயரைச் சேர்த்து அதற்கு சாச்மோ சிண்ட்ரோம் என்று பெயர். பிளானாஸ் என்ற ஸ்பெயின் நாட்டு பிளாஸ்டிக் சர்ஜன் 1982-இல் அதைப் பற்றி எழுதினார். எனக்கு அது வந்தது. கட்டி ஒன்றும் தெரியாது. உதட்டில் வலி இருக்கும், மேல் ஸ்வரம் திடீரென்று வராது, எவ்வளவு இறுக்கினாலும் காற்று ஒழுகும். எனக்கு நீண்ட ஓய்விலேயே சரியாகிவிட்டது, சிலருக்குத் தசையைத் தைக்க வேண்டி வரும். தம்பிக்கும் காற்று கசிகிறது என்பதால் சொல்கிறேன். கட்டி வற்றியிருக்கும் நாட்களில் கார்வை ஒழுங்காக நிற்கிறதா? நிற்கிறது என்றால் குற்றவாளி கட்டிதான்.

காவேரிக்கரை நாயனம்:

எல்லோருக்கும் நன்றி. டிரம்பெட் ஐயா, வற்றியிருக்கும்போது நன்றாகவே நிற்கிறது. டாக்டர் ஐயா, வெற்றிலை சீவல் போடுவேன், புகையிலை கிடையாது. ஆடியில் கல்யாணம் இல்லை என்பதால் அப்போது செய்துகொள்ளலாம் என்று பார்க்கிறேன். ஆனால் ஆடிப்பூரத்துக்கு ஒரு கோவிலில் ஒத்துக்கொண்டிருக்கிறேன், புறப்பாட்டுக்கு மல்லாரி நான்தான் வாசித்தாக வேண்டும். ஆவணியில் முதல் முகூர்த்தத்திலிருந்தே வரிசையாக இருக்கிறது. செலவுக்கும் கொஞ்சம் யோசனை.

ஓய்வுபெற்ற சர்ஜன்:

புகையிலை இல்லை என்று நிம்மதிப்படாதீர்கள், பாக்கு மட்டுமே போதும், அதுவே புற்றுநோய் தருவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. அதற்கு முன்பே கன்னமும் உதடும் நார் நாராக இறுகத் தொடங்கும். நடுவிலுள்ள மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி வாய்க்குள் நுழையுமா என்று பாருங்கள். நுழையாவிட்டால் டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள். சீவலை இன்றைக்கே விடுங்கள்.

நாள் கணக்கு: கரையும் தையல் போட்டாலும் மூன்று வாரம் நாயனத்தைத் தொடவேண்டாம் என்பேன். நான்காவது வாரம் சீவாளியை மட்டும் வைத்து ஊதிப் பாருங்கள், பிறகு கீழ் ஸ்தாயியில் சாதகம், மேல் ஷட்ஜம் கடைசியில். ஆடிப்பூரத்துக்கும் ஆவணி முகூர்த்தத்துக்கும் நடுவே அவ்வளவு இடைவெளி கிடைக்காது. புரட்டாசியில் வைத்துக்கொள்ளுங்கள், அப்போதும் உங்களுக்குக் கல்யாணம் குறைவுதானே. கட்டி அதுவரை காத்திருக்கும். கெட்டியானாலோ புண்ணானாலோ மட்டும் மல்லாரியை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு உடனே போங்கள். செலவுக்குச் சிதம்பரம் அண்ணாமலை நகர்ப் பல் மருத்துவக் கல்லூரி உங்களுக்குப் பக்கம்தான், அங்கே வாய் அறுவை சிகிச்சைப் பிரிவில் காட்டுங்கள். சர்க்கரை இருந்தாலோ ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டாலோ முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.