டி ஸ்கோர்: மதிப்பெண்ணா, விலகலெண்ணா?

அனைவருக்கும் வணக்கம்.

பெண்களுக்கான எலும்பு அடர்த்திச் சோதனை பற்றிய ஆங்கிலச் சொற்களுக்கு இங்கே முன்மொழியப்பட்ட தமிழ்ச் சொற்களில் பெரும்பாலானவற்றுக்கு மறுப்பு எழவில்லை. எலும்பின் அடர்த்தி குறைந்து எளிதில் முறியும் எலும்புப்புரை நோயை (osteoporosis) 'எலும்புத் தேய்மானம்' என்று எழுதுவதில்லை என்பதும் ஏறத்தாழ முடிவாகிவிட்டது. முழங்கால் வலிக்காரர்கள் சொல்லும் மூட்டுத் தேய்மானம் வேறு, எலும்பு முறியும் வரை பெரும்பாலும் வலியே காட்டாத இந்நோய் வேறு. எஞ்சி நிற்பது, சோதனை அறிக்கையில் வரும் டி ஸ்கோர் (T-score) என்ற எண்ணுக்கான தமிழ்ச் சொல். அதற்கு 'டி மதிப்பெண்', 'விலக்கெண்' என்ற முன்மொழிவுகள் வந்துள்ளன.

'டி மதிப்பெண்' என்ற முன்மொழிவை ஏற்கத் தயங்குகிறேன். மதிப்பெண் என்றதும் நூற்றுக்கு எத்தனை என்றுதான் மனம் போகும். இரட்டை ஆற்றல் எக்ஸ் கதிர்க் கருவி, இடுப்பிலும் கீழ்முதுகு முள்ளெலும்புகளிலும் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்புக்கு எத்தனை கிராம் கனிமம் உள்ளது என்று அளக்கிறது. அந்த அளவு இளம்பெண்களின் சராசரியிலிருந்து எத்தனை திட்ட விலக்கம் (standard deviation: அளவுகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவியுள்ளன என்பதன் அளவு) தள்ளி நிற்கிறது என்பதே டி ஸ்கோர். உலக சுகாதார நிறுவனம் 1994-இல் வகுத்தபடி −1 வரை இயல்பு, −2.5-உம் அதற்குக் கீழும் எலும்புப்புரை, இடைப்பட்டது அடர்த்திக் குறைவு. மாதவிடாய் நின்ற ஒருவர் தம் அறிக்கையில் −1.8 என்று கண்டு அதை மதிப்பெண்ணாகப் படித்தால், பூச்சியத்துக்கும் கீழே போய்விட்டோமே என்று கலங்குவார். பூச்சியம் என்பது இங்கே இளம்பெண்களின் சராசரி என்பதை அச்சொல் காட்டுவதில்லை.

'விலக்கெண்' என்பது தமிழ்நாட்டுப் பாடநூல்களின் திட்ட விலக்கத்தோடு இயைகிறது என்பது உண்மை. ஆனால் விலக்கு என்றாலே மதுவிலக்கும் வரிவிலக்கும் நினைவுக்கு வரும். போதாக்குறைக்கு மாதவிலக்கும் உண்டு, அதுவும் மாதவிடாய் நின்றபின் செய்யும் சோதனையில்! தானே தள்ளி நிற்பதைச் சொல்லத் தன்வினையான விலகலே போதும்; திட்ட விலக்கத்தை இலங்கையில் நியம விலகல் என்றுதான் வழங்குகிறார்கள். ஆகவே விலகலெண் என்பது என் தேர்வு.

அறிக்கையில் இசட் ஸ்கோர் (Z-score) என்ற இன்னோர் எண்ணும் உண்டு. டி, இசட் என்ற எழுத்துகள் நோயாளிக்கு எதையும் உணர்த்துவதில்லை. முன்னதை இளவயது விலகலெண் என்றும், அதே வயதினரோடு ஒப்பிடும் பின்னதை ஒத்தவயது விலகலெண் என்றும் சொன்னால், எண்பது வயதுப் பெண் ஒருவருக்கு இரண்டாவது எண் பூச்சியத்தை ஒட்டியிருக்க முதல் எண் −2.5-ஐத் தொடுவது எப்படி என்பது பெயரிலேயே விளங்கிவிடும். மாதவிடாய் நிற்காத பெண்களுக்கு ஒத்தவயது எண்ணையே பார்க்கிறார்கள் என்பதையும் எளிதில் விளக்கலாம். சொல் நீளம்தான், அறிக்கையின் கட்டத்துக்குள் அடங்காது என்று அச்சிடுவோர் சொல்லக்கூடும். அங்கே டி விலகலெண், இசட் விலகலெண் என்று சுருக்கிக்கொண்டு, விளக்கக் குறிப்பில் முழுப்பெயரை எழுதலாம்.

எலும்பியல் மருத்துவர்களும் புள்ளியியல் ஆசிரியர்களும் மறுப்பிருந்தால் எழுதுங்கள். குறிப்பாக, 'இளவயது' என்பதை நோயாளியின் வயதாக யாரேனும் பொருள்கொள்வார்களா என்பதில் உங்கள் கருத்து வேண்டும்.