முதல் காரே மின்சாரக் கார்: வீட்டு எர்த்தைப் பார்த்துவிட்டு எடுங்கள்

லைசென்ஸ் வாங்கி நாலு மாதம் ஆகிறது. வயது 22, கோவையில் வேலை. டிரைவிங் ஸ்கூல் காரில் மேம்பாலம் ஏறும்போது கிளட்சை மிதித்தபடி பிரேக்கை விட்டதும் வண்டி பின்னால் உருண்டு, பஸ்காரர் ஹாரன் அடித்த அடியில் கை நடுங்கியது இன்னும் மறக்கவில்லை. அதனால் கிளட்சே இல்லாத வண்டிதான் வேண்டும் என்று ஒரே பிடிவாதம்.

எம்ஜி காமெட், டாடா டியாகோ ஈவி இரண்டையும் ஓட்டிப் பார்த்தேன். காமெட் நீளம் 3 மீட்டர்கூட இல்லை, சந்தில் திருப்ப அவ்வளவு சுலபம். ஆனால் பேட்டரி சிறியது, 17.3 கிலோவாட்-ஹவர் (kWh, பேட்டரி சேமிக்கும் மின்சாரத்தின் அளவு) தான். மாதம் ஒருமுறை மலைமேல் கோத்தகிரியில் அம்மாயி (அம்மாவின் அம்மா) வீட்டுக்குப் போக வேண்டும் என்பதால் 24 கிலோவாட்-ஹவர் டியாகோவை எடுத்தோம். "பேட்டரி போயிட்டா என்ன பண்ணுவ கண்ணு?" என்று அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார், 8 வருடம் அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர் வாரண்டி என்று தாளில் காட்டிய பிறகுதான் சமாதானமானார்.

வண்டி வந்த அன்று ராத்திரி 15 ஆம்ப் பிளக்கில் சார்ஜரைச் செருகினால் சிவப்பு விளக்கு, சார்ஜ் ஏறவே இல்லை. புது வண்டியே பழுது என்று நினைத்து அழுகையே வந்துவிட்டது. மறுநாள் எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "வண்டி நல்லாத்தான் இருக்குது பாப்பா, வீட்லதான் எர்த் இல்ல" என்றார். எர்த் என்றால் கரண்ட் கசிந்தால் அதை மண்ணுக்குள் இறக்கிவிடும் கம்பி. தென்னை மரத்தடியில் இருந்த எர்த் குழி காய்ந்து கிடந்தது, கம்பி பச்சை பூத்து, இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. இத்தனை வருடம் வாஷிங் மெஷினும் கீசரும் இப்படியேதான் ஓடியிருக்கின்றன, நினைத்தாலே பகீர் என்கிறது. புதுக் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு பைப் இறக்கி, மீட்டரிலிருந்து தனி வயர் இழுக்க இரண்டு நாள் ஆனது. அதனால் ஷோரூமுக்குப் போகும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் கோத்தகிரி. மேட்டுப்பாளையத்தில் 82 சதவீதம் இருந்தது, மேலே போய்ச் சேரும்போது 45. வயிற்றைக் கலக்கியது உண்மை. ஆனால் இறங்கும்போது ரீஜெனை (வண்டி வேகம் குறையும்போது அந்தச் சக்தியை மின்சாரமாக்கி பேட்டரிக்கே திருப்பும் வசதி) 3இல் வைத்துவிட்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டி தானாகவே இழுத்துப் பிடிக்கிறது, கொண்டை ஊசி வளைவில் மட்டும் பிரேக்கைத் தொட்டேன். மேட்டுப்பாளையம் வந்து பார்த்தால் சார்ஜ் குறையவில்லை, 2 சதவீதம் கூடியிருந்தது! அப்பா அதைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறார்.

-

இதைப் படித்த இன்னொருவர் எழுதுகிறேன்: நான் எடுத்தது காமெட். சென்னையில் வாடகை ஃபிளாட், ஆபீஸ் போய்வர 30 கிலோமீட்டர், அதற்கு இது தாராளம். பார்க்கிங்கில் பிளக் வைக்க அசோசியேஷன் சம்மதிக்கத்தான் இரண்டு மாதம் ஆனது, கடைசியில் என் மீட்டரிலிருந்தே வயர் எடுக்கிறேன் என்றதும் சரி என்றார்கள். ஒன்று கவனியுங்கள், இதற்குக் கதவு இரண்டுதான், இரண்டும் நீளம். தூணை ஒட்டி நிறுத்தினால் முழுதாகத் திறக்காது, பின்சீட்டுக்குப் போக அம்மா ரொம்பச் சிரமப்படுகிறார். வாங்கும் முன் வீட்டுப் பெரியவர்களைப் பின்னால் உட்கார வைத்துப் பாருங்கள்.